பரணில் கிடக்கும் ஸ்பீக்கரை இருபது வயதுப் பிள்ளையின் முதல் ஹைஃபை ஆக்குவது எப்படி

பஸ்ஸில், கல்லூரியில், ராத்திரி தூக்கம் வரும்வரை என்று இன்றைய பிள்ளைகள் பாட்டோடுதான் இருக்கிறார்கள். ஆனால் இரண்டு ஸ்பீக்கருக்கு எதிரே உட்கார்ந்து ஒரு பாட்டை முழுதாகக் கேட்டவர்கள் அவர்களில் குறைவு. பாட்டு என்றால் காதுக்குள் ஒலிப்பது என்றே பழகிவிட்டது. பாடுகிறவர் ஆறடி தள்ளி எதிரே நிற்பதும், வலப்பக்கம் சற்றுப் பின்னால் மிருதங்கம் இருப்பதும் கண்ணை மூடினால் தெரியும் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். கேட்டால்தான் நம்புவார்கள்.

இந்த ஆர்வம் நம்மோடு முடிந்துவிடுமோ என்று கவலைப்படுகிறவர்களுக்கு எங்கள் பதில் இதுதான். லட்ச ரூபாய் செட்டின் முன்னால் பிள்ளையை உட்காரவைத்துப் பாடம் நடத்தினால் அது ஒட்டாது. ஒரு ஜோடி பழைய ஸ்பீக்கர், ஆயிரம் ரூபாய்க்குள் ஒரு ஆம்ப்ளிஃபையர் போர்டு, ஒரு ஸ்க்ரூ டிரைவர், இந்த மூன்றையும் கையில் கொடுத்தால் ஒட்டும். தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையே 4440 ஐசி வைத்த ஆம்ப்ளிஃபையர் போர்டில்தான் ஈயம் வைக்கக் கற்றுக்கொண்டது. தன் கையால் முடுக்கிய செட் பாடும்போது வருகிற பிடிப்பு, வாங்கிவைத்த பெட்டியில் வராது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதும். செலவும் மூவாயிரம் ரூபாயைத் தாண்டாது.

எந்த ஸ்பீக்கர் தேறும்

மரப்பெட்டி, அதில் ஐந்து முதல் எட்டு அங்குல வூஃபர் (கனத்த ஒலிக்கான பெரிய கோன்), மேலே தனி ட்வீட்டர் (கீச்சொலிக்கான சின்னது), பின்னால் வயர் செருகும் இரண்டு முனை. இப்படி இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். சோனோடைன், காஸ்மிக், பிலிப்ஸ், நார்ஜ் என்று எந்தப் பெயர் இருந்தாலும் சரி. பின்புறம் 6 அல்லது 8 ஓம் என்று அச்சிட்டிருப்பது நல்லது. பழைய மினி சிஸ்டம் ஸ்பீக்கர்களும் ஓடும். ஹோம் தியேட்டர் செட்டோடு வந்த கையடக்கப் பிளாஸ்டிக் பெட்டிகளை விட்டுவிடுங்கள். தனி சப்வூஃபர் இல்லாமல் அவற்றில் தவிலும் கேட்காது, பேஸ் கிட்டாரும் கேட்காது.

பிள்ளை 5.1 கேட்டால் மறுத்துவிடாதீர்கள், ஆனால் கணக்கைக் காட்டுங்கள். அதே காசை ஆறு சின்னப் பெட்டிக்குப் பிரித்தால் ஆறும் சுமாராக இருக்கும். இரண்டுக்குப் போட்டால் இரண்டும் நன்றாக இருக்கும். நாம் கேட்கிற பாட்டில் பெரும்பகுதி இரண்டு சேனலில் பதிவானதுதான்.

சோதனை

மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து ஸ்பீக்கரின் பின் முனைகளில் வையுங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் சுமார் 5.5 முதல் 7 வரை காட்டும். 4 ஓம் என்றால் 3 முதல் 3.5. ஒன்றுமே காட்டவில்லை என்றால் கோனை அசைக்கும் கம்பிச்சுருளான 'காயில்' எரிந்திருக்கலாம், அல்லது கோனுக்குப் போகும் மெல்லிய பின்னல் வயர் அறுந்திருக்கலாம். பின்னல் வயர் என்றால் ஒரு சொட்டு ஈயத்தில் சரியாகிவிடும்.

இங்கே பலரும் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. பின் முனையில் அளந்தால் தெரிவது வூஃபர் மட்டும்தான். ட்வீட்டருக்கு முன்னால் கெப்பாசிட்டர் இருப்பதால் மீட்டரின் டிசி கரண்ட் அதுவரை போகாது. ட்வீட்டரைக் கழற்றி, ஒரு வயரையாவது விடுவித்து, தனியாக அளக்க வேண்டும். வூஃபர் அளவு சரியாக இருக்கிறதே என்று மூடிவிட்டு, பிறகு "சத்தம் போர்வைக்குள்ளிருந்து வருகிறதே" என்று ஆம்ப்ளிஃபையரைக் குறை சொல்வார்கள்.

அடுத்து, சுவர்க்கடிகாரத்தில் போடும் 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றை எடுங்கள். ப்ளஸ்ஸை சிவப்பு முனையிலும் மைனஸ்ஸைக் கறுப்பிலும் ஒரு கணம் மட்டும் தொடுங்கள். "டொக்" என்ற சத்தத்தோடு வூஃபர் கோன் வெளியே தள்ள வேண்டும். உள்ளே இழுத்தால் முன்பு யாரோ வயரை மாற்றிப் போட்டிருக்கிறார்கள். இரண்டு பெட்டியும் ஒரே பக்கம் அசைவது முக்கியம். ஒன்று வெளியேயும் மற்றது உள்ளேயும் போனால் பேஸ் காணாமல் போகும். பாடகர் நடுவில் நிற்காமல் அறை முழுக்கச் சிதறிப்போவார்.

கடைசியாக, நான்கு விரல் நுனியைக் கோனின் நடுவைச் சுற்றி வைத்து மெல்ல உள்ளே அழுத்திவிடுங்கள். சத்தமில்லாமல் போய்வர வேண்டும். மணல் உரசுவதுபோலக் கேட்டால் காயில் வளைந்திருக்கிறது. அதைக் கோனும் காயிலும் மாற்றித்தரும் ரீகோனிங் கடையில் கொடுப்பதே சரி. திருவிழா சவுண்ட் சர்வீஸ்காரர்கள் இருக்கிற ஊரில் அப்படி ஒரு கடையாவது இருக்கும்.

ஃபோம் மாற்றுவது

பழைய ஸ்பீக்கரில் பத்துக்குப் பாதி பழுது இதுதான். கோனைச் சுற்றியிருக்கும் மெத்தென்ற வளையம் ஃபோம் என்றால், காற்றிலுள்ள ஈரம் அதைப் பத்திருபது ஆண்டில் அரித்துவிடும். கடற்கரை ஊர்களில் இன்னும் சீக்கிரம். விரல் வைத்தால் நனைந்த கேக்போல உதிரும். ரப்பர் வளையமோ துணி வளையமோ இருந்தால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

இந்த வேலையைப் பிள்ளையிடமே விடுங்கள். பொறுமை தவிர வேறு திறமை எதுவும் வேண்டாம். ஸ்பீக்கர் எப்படி வேலை செய்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடமும் காட்டாது.

கழற்றும் முன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபோம் கோனின் முன்பக்கம் ஒட்டியிருக்கிறதா பின்பக்கமா, எந்த வயர் எந்த முனையில் என்பது படத்தில் தெரிய வேண்டும். பிறகு மூன்று அளவு: இரும்புச் சட்டத்தில் ஃபோம் உட்காரும் வெளி விட்டம், கோனின் விட்டம், நடுவிலுள்ள வளைந்த பகுதியின் அகலம். "ஆறு அங்குல ஃபோம்" என்று மட்டும் கேட்டால் கடையில் கொடுப்பது பெரும்பாலும் பொருந்தாது. வூஃபரையே பையில் போட்டு எடுத்துப்போவது இன்னும் நல்லது. சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு இதற்குத் தோது.

பழைய ஃபோமை விரலால் உதிர்த்துவிட்டு, மிச்சமிருக்கும் பசையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் ஊறவைத்துச் சுரண்டுங்கள். காகிதக் கோன் நனைந்து ஊறக் கூடாது. சுரண்டுவதற்கு ஐஸ்கிரீம் குச்சி போதும். இரும்பு ஸ்க்ரூ டிரைவர் கோனுக்குப் பக்கத்தில் வரவே கூடாது. உள்ளே இருக்கும் காந்தம் அதைக் கையிலிருந்து பறித்துக் கோனைக் குத்திவிடும். ஒரு நொடிதான்.

பசைக்கு, காகிதக் கோன் என்றால் வெள்ளை ஃபெவிகால். அது மெதுவாகக் காய்வதால் நகர்த்திச் சரிசெய்ய நேரம் கிடைக்கும். ரப்பர் பசை தொட்டதும் பிடித்துக்கொள்ளும், தப்பாக ஒட்டினால் பிய்க்க வேண்டியதுதான். கைப்பை தைக்கும் இடத்திலும் செருப்புக் கடையிலும் சொட்டுவிடும் உடனடிப் பசை வேண்டவே வேண்டாம். அது ஃபோமைக் கல்லாக்கிவிடும். பிளாஸ்டிக் கோனில் ஃபெவிகால் பிடிக்காது. அதைக் கடைக்காரரிடம் விடுங்கள்.

முதலில் ஃபோமைக் கோனோடு மட்டும் ஒட்டி ஒரு ராத்திரி காயவிடுங்கள். மறுநாள் சட்டத்தில் பசை தடவி ஃபோமின் வெளி விளிம்பை உட்காரவையுங்கள். வேலையின் உயிர்நாடி இந்தப் பத்து நிமிடம்தான். பசை ஈரமாக இருக்கும்போதே கோனை நான்கு விரலால் மெல்ல அழுத்தி அழுத்திக் காது கொடுத்துக் கேளுங்கள். இடப்பக்கம் உரசினால் ஃபோமை ஒரு நூல் அளவு வலப்பக்கம் நகர்த்துங்கள். எந்தப் பக்கம் அழுத்தினாலும் சத்தமே இல்லை என்றானதும், துணி உலர்த்தும் கிளிப் எட்டை எடுத்து விளிம்பைச் சுற்றிக் கவ்வவிடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு தடவை அழுத்திப் பாருங்கள், ஏனென்றால் கிளிப் போடும்போதும் நகரும். ஒரு நாள் முழுக்கக் காய வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு நாள்.

பெட்டியைத் திறந்திருக்கும்போதே, கனத்த ஒலியைத் தடுத்து ட்வீட்டருக்குக் கீச்சொலியை மட்டும் விடும் கிராஸ்ஓவர் கெப்பாசிட்டரையும் பாருங்கள். உருளையாக, NP அல்லது BP (ப்ளஸ் மைனஸ் பேதம் இல்லாதது) என்று குறித்திருக்கும். முப்பது ஆண்டு ஆனது என்றால் மாற்றிவிடலாம். 4.7 மைக்ரோஃபாரட் என்றால் அதே 4.7, வோல்ட் 50க்குக் குறையாமல். ப்ளஸ் மைனஸ் குறியிட்ட சாதாரண எலக்ட்ரோலிட்டிக்கைப் போடாதீர்கள். ஒன்றில் மாற்றினால் இரண்டு பெட்டியிலும் மாற்றுங்கள்.

மூடும் முன், பெட்டியின் உட்புற மரத்தில் தேதி, மாற்றிய ஃபோமின் அளவு, கெப்பாசிட்டர் மதிப்பு ஆகியவற்றைப் பென்சிலால் பிள்ளையே எழுதட்டும்.

ஆம்ப்ளிஃபையர்

டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி, 230 வோல்ட் வயரைப் பெட்டிக்குள் இழுத்து ஆரம்பிக்கச் சொல்ல மாட்டோம். முதல் செட்டுக்கு டிபிஏ 3116 ஐசி வைத்த ஸ்டீரியோ போர்டும் பழைய லேப்டாப்பின் 19 வோல்ட் சார்ஜரும் போதும். சார்ஜர் மூடிய பெட்டி, மெயின்ஸ் வெளியே தெரியாது, பிள்ளை தனியாக உட்கார்ந்து வேலை செய்தாலும் பயமில்லை. ஐசி 4.5 முதல் 26 வோல்ட் வரை தாங்கும். ஆனால் மலிவான போர்டுகளில் 25 வோல்ட் கெப்பாசிட்டர் போட்டிருப்பார்கள். அதற்கு 24 வோல்ட் கொடுப்பது கயிற்றின் மேல் நடப்பது. 19 வோல்ட் என்றால் கவலையில்லை.

8 ஓம் ஸ்பீக்கருக்கு இதில் 20 வாட் அளவில் வரும். போதுமா என்று கேட்பார்கள். ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 86 டெசிபல் தரும் சாதாரண ஸ்பீக்கரே 20 வாட்டில் 99 டெசிபல் தரும். வீட்டில் தினமும் கேட்கும்போது செலவாவது ஒரு வாட்டைச் சுற்றித்தான். டப்பாவில் ஆயிரக்கணக்கில் போட்டிருந்த பிஎம்பிஓ என்ற விளம்பரக் கணக்கு வாட்டை நம்பி வாங்கிய காலம் நமக்குப் பாடம்.

இந்த போர்டில் கெட்டுப்போகும் இடங்கள்:

ஸ்பீக்கரின் இரண்டு மைனஸ் வயரையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள், எர்த்தோடும் சேர்க்காதீர்கள். பழைய போர்டுகளில் மைனஸ் பொது. இதில் நான்கு முனையும் உயிருள்ளவை. 4440 காலத்துக் கைப்பழக்கத்தில் பெரியவர்கள்தான் இந்தத் தவறைச் செய்கிறார்கள்.

சார்ஜர் பின்னை அளந்து பாருங்கள். லேப்டாப் பின் பலவற்றில் உள் துளை 2.5 மில்லிமீட்டர், போர்டின் சாக்கெட் பெரும்பாலும் 2.1. உள்ளே போய்விடும், ஆனால் லூஸாக நிற்கும். பேஸ் அடிக்கும்போதெல்லாம் செட் அணைந்து அணைந்து எரிந்தால் காரணம் இதுதான். ஸ்க்ரூ முனை இருந்தால் வயரை அதில் நேராக முடுக்கிவிடுங்கள், ப்ளஸ் மைனஸ்ஸை மீட்டரில் உறுதிசெய்த பிறகு.

வால்யூமில் ஒரு எல்லை வையுங்கள். 26 டெசிபல் கெயின் (உள்ளே வருவதை இருபது மடங்கு பெருக்குவது) வைத்த போர்டில் உள்ளே வருவது சுமார் 0.64 வோல்ட்டைத் தொட்டதுமே 19 வோல்ட்டின் உச்சம் வந்துவிடும். போனில் செருகும் ஹெட்ஃபோன் அடாப்டரான டாங்கிள் 1 வோல்ட் வரை கொடுக்கும். இரண்டையும் முழுதாகத் திருகினால் ஒலி அலையின் தலை வெட்டுப்பட்டு, ட்வீட்டர் எரியும். குறைந்த வாட் ஆம்ப்ளிஃபையரை முட்டவிட்டு எரிந்த ட்வீட்டர்கள் நிறைய. கரகரப்பு தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வையுங்கள்.

போர்டை எவர்சில்வர் டிபன் பாக்ஸில் பொருத்தினால் அழகாக இருக்கும். அடியில் பிளாஸ்டிக் கால் கொடுத்துத் தூக்கிவையுங்கள், இல்லையென்றால் ஷார்ட் ஆகும். ப்ளூடூத் உள்ள போர்டு என்றால் உலோகப் பெட்டி சிக்னலை அடைத்துவிடும், அதற்குப் பிளாஸ்டிக் அல்லது மரம்.

ஸ்பீக்கர் வயருக்கு எலக்ட்ரிக்கல் கடையில் 40/76 கேளுங்கள். ஒன்றேகால் சதுர மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான செம்பு. பக்கத்துக்கு ஐந்து மீட்டர் வரை எந்தக் குறையும் இல்லை. மீட்டருக்கு ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் வயர் பேச்சைப் பிள்ளையின் காதில் போடாதீர்கள். இந்தப் பொழுதுபோக்கிலிருந்து இளையவர்களைத் துரத்தியதில் அந்தப் பேச்சுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது எங்கள் உறுதியான கருத்து.

பாட்டு எங்கிருந்து

போன்தான். சி-டைப் ஹெட்ஃபோன் டாங்கிள் ஒன்று, அதிலிருந்து 3.5 மில்லிமீட்டர் கேபிள் ஒன்று. ஆப்பிளின் சின்ன அடாப்டர் இதற்கு நல்லது, ஆனால் சில ஆண்ட்ராய்டு போன்களில் சத்தம் குறைந்தே வரும். ப்ளூடூத்தையும் குறைவாக நினைக்க வேண்டாம், தினசரிக் கேட்பதற்குப் போதும். சிடி தரத்தில் கேட்க வேண்டுமென்றால் வயரே நம்பகமான வழி. சிடியின் ஓட்டம் விநாடிக்கு 1411 கிலோபிட், ப்ளூடூத்தில் உயர்தர முறைகளில் ஒன்றான எல்டாக் கூட 990ஐத் தாண்டாது.

திரை உடைந்த பழைய போன் இருந்தால் சிம்மை எடுத்துவிட்டு அதைப் பாட்டுக்கென்றே ஒதுக்குங்கள். நடுவில் அழைப்போ வாட்ஸ்அப் மணியோ வராது. இளையவர்களைப் பொறுத்தவரை கருவியின் தரத்தைவிட இதுவே பெரிய மாற்றம். போனைச் சார்ஜில் போட்டபடி கேட்டால் கொசு ரீங்காரம்போல ஒரு சத்தம் வரலாம். சார்ஜரைப் பிடுங்கினால் நின்றுவிடும்.

இசைத்தட்டு ஆசை பிள்ளைக்கு வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். அமெரிக்காவில் 2022இல் 4.1 கோடி இசைத்தட்டும் 3.3 கோடி சிடியும் விற்றன. 1987க்குப் பிறகு இசைத்தட்டு சிடியை முந்தியது அதுதான் முதல் தடவை. ஆனால் அதை இரண்டாம் ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம். சூட்கேஸ் வடிவப் பிளேயர்களில் ஊசி ஐந்தாறு கிராம் அழுத்தும், நல்ல காந்தக் கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருந்திய தலைப்பகுதி) இரண்டு கிராம்தான். அமெரிக்காவிலிருந்து வந்த பழைய பிளேயரில், கரண்டின் ஹெர்ட்ஸுக்கு ஏற்ற வேகத்தில் சுற்றும் ஏசி சிங்க்ரனஸ் மோட்டார் இருந்தால், அவர்களின் 60 ஹெர்ட்ஸுக்குப் பதில் நம் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும். பாடுகிறவருக்குத் தொண்டை கட்டியதுபோல இருக்கும்.

அறை

நம் வீடுகளில் பிள்ளைக்குக் கிடைப்பது பத்துக்குப் பத்து அறை. ஒலிக்கு இது கடினமான அளவு. பத்தடி சுவர்களுக்கு நடுவே 57 ஹெர்ட்ஸ் அலை சிக்கிக்கொள்ளும். நீளம், அகலம் இரண்டும் ஒன்றே என்பதால் அது இரட்டிப்பாகும். உயரமும் பத்தடி என்றால் மும்மடங்கு. சுவரோரம் உட்கார்ந்தால் அந்த ஒரு சுரம் மட்டும் "பூம்" என்று ஊதும். அறையின் சரிநடுவில் உட்கார்ந்தால் அது காணாமல் போகும். காசு கொடுத்து இதைச் சரிசெய்ய முடியாது, நகர்ந்து உட்கார்ந்தால் முடியும்.

ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து ஒரு அடி முன்னால், ஒன்றுக்கொன்று ஐந்தடி இடைவெளியில் வையுங்கள். கேட்பவர் இரண்டிலிருந்தும் அதே ஐந்தடியில், பின்சுவரிலிருந்து நான்கடி போல முன்னால். மூலைக்குள் தள்ளினால் பேஸ் ஊதும். ட்வீட்டர் காது உயரத்தில் வர வேண்டும். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தால் காது இரண்டரை அடி உயரத்தில் இருக்கும். 16 அங்குல ஹாலோ பிளாக்கை நிமிர்த்திவைத்து அதன்மேல் பெட்டியை வைத்தால் கிட்டத்தட்டச் சரியாக வரும். நடுவில் பழைய ரப்பர் செருப்பை வெட்டி நான்கு துண்டு கொடுங்கள்.

பிறகு கை தட்டிப் பாருங்கள். தட்டிய சத்தம் "ட்ரிங்" என்று சுவர்களுக்கு நடுவே ஓடினால், டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவரும் சேர்ந்து பாட்டின் தெளிவைத் தின்கின்றன. ஜமக்காளம் மெல்லியது, கீச்சொலியை மட்டும் கொஞ்சம் அடக்கும். இலவம்பஞ்சு மெத்தையைப் பின்சுவரில் நிமிர்த்திச் சாய்த்துப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும். புத்தக அலமாரி, துணிக்கொடி, பீரோமேல் சுருட்டிய பாய் எல்லாமே உதவிதான்.

இடம் சரியா என்று பார்க்க, ஒருவர் மட்டும் பாடும் பதிவு ஒன்றைப் போடுங்கள். குரல் இரண்டு பெட்டிக்கும் நடுவில், வெற்றிடத்திலிருந்து வர வேண்டும். அடுத்து மிருதங்கம். வலப்பக்கத் தோலான வலந்தலையின் கூர்மையும், இடப்பக்கத் தோலான தொப்பியின் கும்கி என்ற கனத்த ஒலியும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். தொப்பி மட்டும் ஊதினால் ஸ்பீக்கரை அரை அடி முன்னால் இழுங்கள்.

பிள்ளையிடம் விடுவது

முதல் பாட்டை அவர்களே போடட்டும். நமக்குப் பிடிக்காத ராப்போ கொரியன் பாட்டோ எதுவாக இருந்தாலும் சரி. "இதெல்லாம் ஒரு பாட்டா, நான் போடுகிறேன் பார்" என்று சொன்ன நிமிடத்தில் அந்த செட் உங்களுடையதாகிவிடும். அவர்கள் ஆயிரம் தடவை இயர்ஃபோனில் கேட்ட பாட்டில், பின்னால் இத்தனை நாள் கேட்காத ஒரு குரலோ ஒரு கிட்டாரோ இடப்பக்கம் ஓரமாக வந்து நிற்கும். அப்போது முகத்தைப் பாருங்கள், பேச வேண்டாம்.

இரண்டு பாட்டு போதும் முதல் நாள். சத்தத்துக்கும் அளவு சொல்லிக்கொடுங்கள். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. போனில் இலவச ஆப் வைத்து ஏறத்தாழ அளந்துவிடலாம்.

ஹாஸ்டலில் இருக்கிற பிள்ளைக்கு ஸ்பீக்கர் நடக்காது. டாங்கிளும் வயர் உள்ள நல்ல ஹெட்ஃபோனும் கொடுத்து, லீவில் வரும்போது பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள்.

ஒரு வாரம் கழித்து ஸ்பீக்கர் திருகுகளையும் வயர் முனைகளையும் ஒரு தடவை முடுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், புது ஃபோம் படிந்ததும் திருகு கொஞ்சம் தளரும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறையாவது செட்டை ஓடவிடுவது நல்லது. மிச்சமிருக்கும் ஃபோம் துண்டையும் கிளிப்பையும் தூக்கிப் போடாமல் எடுத்துவையுங்கள். செட்டைக் கேட்க வரும் நண்பன் வீட்டுப் பரணிலும் ஒரு ஜோடி இருக்கும்.